குழந்தையின் பொருட்டுப் பேசுவார் யார்?

ஒரு குழந்தையைப் பெற்றோரிடமே விட்டு வைப்பதா, அன்றி வேறோர் இடத்தில் சேர்ப்பதா என்னும் வழக்கு நீதிமன்றத்தின் முன் வரும்போது, அங்கே பேசுவதற்குப் பலர் இருக்கிறார்கள். தாயின் சார்பில் ஒரு வழக்கறிஞர் பேசுகிறார். தந்தையின் சார்பில் மற்றொருவர் பேசுகிறார். குழந்தையை மீட்டு வந்த அரசுத் துறைக்கும் ஒருவர் இருக்கிறார். மருத்துவரின் சான்றிதழும் காவல் துறையின் அறிக்கையும் எழுத்து வடிவில் பேசுகின்றன. இத்தனை பேரும் எந்தக் குழந்தையை முன்னிட்டுக் கூடியிருக்கிறார்களோ, அந்தக் குழந்தை மட்டும் பேசுவதில்லை. பல வேளைகளில் அது அங்கே இருப்பதுமில்லை. இருந்தாலும், தனக்கு நேர்ந்ததை முன்பின் அறியாதவர் நிறைந்த ஓர் அறையில் எடுத்துரைக்கும் ஆற்றல் நான்கு வயதுக் குழந்தைக்கு ஏது?

மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டி வைத்த கதையை நாம் அனைவரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். வாய் பேசாத பசு வந்து கயிற்றை இழுத்தது. அதற்கு நீதி கிடைத்தது. ஆனால், கயிறு எட்டாத சிறு பிள்ளைக்கு யார் இழுப்பது? அரண்மனைக்கு வழி தெரியாத பிள்ளைக்கு யார் வழி காட்டுவது? இக்கேள்விக்கு அமெரிக்க நாட்டு மக்கள் ஒரு விடை கண்டார்கள். ஊதியம் பெறாத சாதாரணக் குடிமக்கள், நீதிபதியின் நியமனம் பெற்று, ஒரு குழந்தையின் நலனை மட்டுமே கருத்தில் கொண்டு நீதிமன்றத்தில் எடுத்துரைப்பது என்பதே அவ்விடை. அந்த ஏற்பாடு எவ்வாறு தோன்றியது, நாட்டுப்புறங்களில் அது எவ்வாறு நடைபெறுகிறது, அதன் குறைகள் யாவை என்பவற்றை முதலில் பார்ப்போம். பிறகு, நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு நிகரான இடம் எது, தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு அதில் என்ன பங்கு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்போம்.

குழந்தை பெற்றோரின் உடைமை என்று கருதிய காலம் எல்லா நாடுகளிலும் இருந்தது. வீட்டுக்குள் நடப்பதில் அரசாங்கம் தலையிடுவது முறையன்று என்பதே அக்கால நம்பிக்கை. நியூயார்க் நகரில் 1874-ஆம் ஆண்டில் மேரி எல்லன் என்னும் சிறுமி, தன்னை வளர்த்தவர்களால் கொடுமைப்படுத்தப்படுவதை எட்டா வீலர் என்னும் தொண்டுப் பெண்மணி அறிந்தார். பல இடங்களில் உதவி கேட்டும் பயன் இல்லாமற்போகவே, விலங்குகளை வதையிலிருந்து காக்கும் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க் என்பவரை நாடினார். அவருடைய முயற்சியால் சிறுமி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டாள், காப்பாற்றவும் பட்டாள். குதிரைக்கும் நாய்க்கும் பரிந்து பேச ஒரு சங்கம் இருக்க, குழந்தைக்கு ஒன்று இல்லையே என்ற உணர்வு அப்போது எழுந்தது. குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கம் அந்நகரில் தோன்றியதற்கு அதுவே காரணமாயிற்று.

அதன்பின் 1899-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் முதல் சிறார் நீதிமன்றம் அமைந்தது. 1962-ஆம் ஆண்டில் ஹென்றி கெம்ப் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய தோழர்களும், அடிபட்ட குழந்தைகளின் உடலில் காணப்படும் அடையாளங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘கீழே விழுந்துவிட்டான்’ என்று பெற்றோர் கூறும் காயங்கள் எல்லாம் கீழே விழுந்ததால் வந்தவை அல்ல என்பதை மருத்துவ உலகம் அப்போதுதான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 1974-ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் குழந்தைக் கொடுமைத் தடுப்புக்கென ஒரு சட்டம் இயற்றியது. கூட்டரசின் நிதி உதவி பெற விரும்பும் மாநிலங்கள், இத்தகைய வழக்கு ஒவ்வொன்றிலும் குழந்தைக்கென ஒரு காப்பாளரை நியமிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

சட்டம் விதித்துவிட்டது, ஆனால், அத்தனை காப்பாளர்களுக்கு எங்கே போவது? வழக்கறிஞர்களை நியமித்தால் செலவு மிகுதி. ஒரே வழக்கறிஞர் நூறு குழந்தைகளுக்குக் காப்பாளராக இருந்தால், அவர் எந்தக் குழந்தையின் முகத்தையும் நினைவில் வைத்திருக்க இயலாது. இந்த இடத்தில்தான் வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் டேவிட் சூக்கப் என்னும் நீதிபதி ஒரு புதிய வழியைக் கண்டார். கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் போதிய செய்தி கையில் இல்லாமலே தாம் தீர்ப்பளிக்க நேர்கிறதே என்பது அவருடைய கவலை. தீர்ப்பு எழுதிய பிறகும், அது சரிதானா என்ற ஐயம் இரவிலும் அவரை விடவில்லை. ஊரில் உள்ள நல்ல மனம் படைத்த குடிமக்களைப் பயிற்றுவித்து, ஆளுக்கொரு குழந்தையின் நிலையை நேரில் அறிந்து வந்து சொல்லச் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1977-ஆம் ஆண்டில் அத்திட்டம் தொடங்கியது. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றவே, 1982-ஆம் ஆண்டில் தேசிய அளவில் ஒரு சங்கம் உருவாயிற்று. 1990-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தின் வாயிலாக இதற்கு ஆதரவு அளித்தது. அண்மை ஆண்டுகளில் 900-க்கும் மேற்பட்ட கிளை அமைப்புகள் நாடெங்கும் இயங்கி வந்துள்ளன.

இத்தொண்டர்களை ‘நீதிமன்றம் நியமித்த சிறப்புப் பரிந்துரையாளர்’ என்று அங்கே வழங்குகிறார்கள். நாம் இங்குச் சுருக்கமாகப் பரிந்துரையாளர் என்றே குறிப்பிடுவோம். இவர் சட்டம் பயின்றவராக இருக்க வேண்டுவதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியராக இருக்கலாம், கடைக்காரராக இருக்கலாம், பண்ணை நடத்துபவராகவும் இருக்கலாம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவருடைய கடந்த கால ஒழுக்கம் காவல் துறையின் பதிவுகளைக் கொண்டு ஆராயப்படும். தேசியச் சங்கத்தின் விதிப்படி, பணியில் இறங்குமுன் 30 மணி நேரப் பயிற்சியும், அதன் பிறகு ஆண்டுதோறும் 12 மணி நேரப் பயிற்சியும் பெற வேண்டும். பயிற்சி முடிந்ததும் நீதிபதியின் முன் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார். ஒரு சமயத்தில் ஒன்று அல்லது இரண்டு வழக்குகளே அவரிடம் ஒப்படைக்கப்படும். ஏற்ற வழக்கை இறுதி வரையில் விடாமல் நடத்த வேண்டும் என்பது முதன்மையான நிபந்தனை. அதற்கு ஓராண்டும் ஆகலாம்; அதற்கு மேலும் ஆகலாம்.

இவர் செய்யும் வேலை யாது? மாதம் ஒரு முறையேனும் குழந்தையை நேரில் காண்கிறார். பெற்றோர், பாட்டன் பாட்டி, ஆசிரியர், மருத்துவர், வளர்ப்புக் குடும்பத்தார் ஆகிய அனைவரோடும் பேசுகிறார். பள்ளிப் பதிவேட்டையும் மருத்துவக் குறிப்புகளையும் நீதிமன்றத்தின் அனுமதியோடு பார்வையிடுகிறார். பிறகு நீதிபதிக்கு ஓர் அறிக்கை எழுதுகிறார். அவ்வறிக்கையில் தாம் கண்டது இது, பிறர் சொல்லக் கேட்டது இது, தாம் கருதுவது இது என்று மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். குழந்தை விரும்புவது ஒன்றாகவும், குழந்தைக்கு நன்மை என்று தமக்குத் தோன்றுவது வேறொன்றாகவும் இருந்தால், இரண்டையும் மறைக்காமல் எழுத வேண்டும். தீர்ப்பு நீதிபதியுடையது, தீர்ப்புக்கு வேண்டிய வெளிச்சத்தைக் கொண்டு வருவது தொண்டருடைய கடமை.

அவர் செய்யக் கூடாதவையும் உண்டு. அவர் குழந்தையைத் தம் வீட்டில் வைத்து வளர்ப்பவர் அல்லர்; பெற்றோருக்குச் சட்ட யோசனை கூறுபவரும் அல்லர்; மனநோய் மருத்துவரும் அல்லர். குடும்பத்தைப் பற்றித் தாம் அறிந்ததை வெளியே ஒருவரிடமும் சொல்லலாகாது. இவ்வரம்புகள் தொண்டுள்ளத்துக்கு இடும் விலங்குகளாக முதலில் தோன்றலாம். ஆனால், வரம்பில்லாத அன்பு சில சமயம் குழந்தையின் வழக்கையே கெடுத்துவிடும். ஆகையால் இவை இன்றியமையாதவை.

இனி நாட்டுப்புறத்துக்கு வருவோம். அமெரிக்கா என்றதும் வானளாவிய மாளிகைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அந்நாட்டின் நிலப்பரப்பில் மிகப் பெரும்பகுதி வயலும் மேய்ச்சல் நிலமும் மலையும் காடுமே ஆகும். மொன்டானா என்னும் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பளவில் அது தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால், 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 11 இலட்சம் பேரே. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியைத் தாண்டியிருந்தது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே உள்ள தொலைவு விளங்கும்.

அந்தத் தொலைவு, குழந்தையின் வழக்கில் ஒவ்வொரு படியிலும் குறுக்கே நிற்கிறது. சிற்றூரில் வளர்ப்புக் குடும்பங்கள் சிலவே இருப்பதால், மீட்கப்பட்ட குழந்தை நூறு கல் தொலைவில் உள்ள வேறோர் ஊருக்கு அனுப்பப்படலாம். அதனால் அது பெற்றோரை மட்டுமன்றித் தன் பள்ளியையும் தோழர்களையும், சில வேளைகளில் உடன்பிறந்தாரையும் ஒரே நாளில் இழக்கிறது. குடிப்பழக்கத்தை விட்டொழிக்கச் சிகிச்சை பெற வேண்டும் என்று நீதிமன்றம் தாய்க்கு ஆணையிடும். ஆனால், சிகிச்சை நிலையம் அவள் ஊரில் இராது. பேருந்தும் இராது. வழக்கறிஞர்கள் மிகச் சிலரே. ஒரே நீதிபதி பல வட்டாரங்களுக்கும் மாறி மாறிச் சென்று வழக்குக் கேட்பதும் உண்டு. அவர் வரும் நாளில் பனிப்புயல் வீசினால், விசாரணை தள்ளிப் போகும். குழந்தையின் வாழ்வும் அதனோடு தள்ளிப் போகும்.

தொலைவு ஓர் இடர் என்றால், நெருக்கம் மற்றோர் இடர். சிற்றூரில் ஒருவரை ஒருவர் அறியாதவர் இல்லை. புறக்கணிப்புக் குற்றம் சாட்டப்பட்ட தந்தை, பரிந்துரையாளரோடு ஒன்றாகப் பள்ளியில் படித்தவராக இருப்பார். ஆசிரியை தாயின் உறவினராக இருப்பார். ‘நமக்கேன் இந்த ஊர்ப்பகை’ என்று வாய் மூடிக்கொள்ளும் மனநிலை, நம் கிராமங்களுக்கு மட்டும் உரியது அன்று. மேலும், ஊரார் ஒரு குடும்பத்தைப் பற்றி முன்பே ஒரு முடிவு கட்டி வைத்திருப்பார்கள். ‘அவன் பாட்டனும் இப்படித்தான்’ என்ற ஒரு சொல்லே பேரனின் வழக்கைத் தீர்த்துவிடக் கூடும். ஆகையால், தமக்கு உறவோ பகையோ உள்ள குடும்பத்தின் வழக்கைப் பரிந்துரையாளர் ஏற்கலாகாது. அண்டை வட்டாரத்துத் தொண்டரிடம் அதை ஒப்படைக்க வேண்டும். ஏற்ற வழக்கிலும், கேள்விப்பட்டதைக் கண்டதாக எழுதலாகாது.

இவ்வேலையின் தன்மை விளங்கும் பொருட்டு ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்ப்போம். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன். தந்தை வீட்டில் இல்லை. தாய்க்கு நிலையான வேலையும் இல்லை. குளிர்காலத்தில் வீட்டில் கணப்பு எரியவில்லை; சிறுவன் பள்ளிக்கும் ஒழுங்காக வருவதில்லை. யாரோ செய்தி கொடுக்க, அரசுப் பணியாளர் வந்து சிறுவனை வெளியூரில் உள்ள வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கிறார். தாய் வாரம் ஒரு முறை மகனை வந்து பார்க்கலாம் என்று நீதிமன்றம் அனுமதிக்கிறது. ஆறு மாதம் கழித்துக் கோப்பில் காணப்படுவது இதுதான்: ‘இருபத்தாறு சந்திப்புகளில் பதினேழுக்குத் தாய் வரவில்லை.’ இதற்குள் வழக்கைக் கவனித்த பணியாளர் இரு முறை மாறிவிட்டார். மூன்றாமவருக்குக் கோப்புத்தான் தெரியும், தாயைத் தெரியாது.

கோப்பை மட்டும் படிப்பவர், இத்தாய்க்கு மகன்மேல் அக்கறை இல்லை என்றே முடிவு செய்வார். பரிந்துரையாளர் என்ன செய்கிறார்? தாயின் வீட்டுக்கே நேரில் போகிறார். சந்திப்பு நடக்கும் இடத்துக்குச் செல்லப் பேருந்து இல்லை என்பதையும், அண்டை வீட்டார் தம் வண்டியில் ஏற்றிச் சென்ற வாரங்களில் அவள் தவறாமல் வந்திருக்கிறாள் என்பதையும் தேதிவாரியாகக் குறித்துக்கொள்கிறார். அதே சமயம், அவள் வந்த நாள்களில் சிறுவன் மகிழ்ந்தானா, அஞ்சி ஒதுங்கினானா என்பதையும் விசாரிக்கிறார். தாய் பொய் சொல்லியிருந்தால், அதையும் அறிக்கையில் எழுதுகிறார். இப்போது நீதிபதியின் முன்னுள்ள கேள்வியே மாறிவிடுகிறது. ‘இவளிடமிருந்து மகனைப் பிரித்துவிடலாமா’ என்பது போய், ‘இவளுக்கு ஒரு வண்டியும் விறகும் கிடைக்கச் செய்தால் மகன் வீடு திரும்பலாமா’ என்பது கேள்வியாகிறது. சில வழக்குகளில் இதற்கு நேர்மாறான உண்மையும் வெளிப்படும். கோப்பில் ஒழுங்காகத் தோன்றும் வீட்டில், குழந்தை அஞ்சி நடுங்குவதைத் தொடர்ந்து பார்ப்பவர் ஒருவரே கண்டுபிடிப்பார். இரண்டிலும் பயன்படுவது ஒரே பண்புதான்: விட்டுப் போகாமல் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருத்தல்.

வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு என்று பிரித்து அறிவது இப்பணியின் உயிர்நாடி என்று சொல்லலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே காணப்படும். கிழிந்த உடையும் ஒழுகும் கூரையும் இரண்டிலும் உண்டு. உணவு இல்லாமையால் கொடுக்காத தாயும், இருந்தும் கொடுக்காத தாயும் ஒருத்தி அல்லர். முன்னவளுக்கு வேண்டியது உதவி. அவளிடமிருந்து குழந்தையைப் பறிப்பது, வறுமைக்குத் தண்டனை விதிப்பது போலாகும்.

இதில் காலத்தின் நெருக்கமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளியே வளர்க்கப்படும் குழந்தையின் நிலையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 12 மாதத்துக்குள் அக்குழந்தையின் நிலையான இல்லம் எது என்று ஆராய வேண்டும். கடந்த 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை பெற்றோரைப் பிரிந்திருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை நீக்கும்படி அரசு மனுச் செய்ய வேண்டும். குழந்தை ஆண்டுக்கணக்கில் வீடு வீடாக அலையக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு இயற்றப்பட்ட விதி இது. ஆனால், சிகிச்சை நிலையத்தில் இடம் கிடைக்கவே பல மாதம் காத்திருக்கும் நாட்டுப்புறத் தாய்க்கு, 15 மாதம் கண் மூடித் திறப்பதற்குள் கழிந்துவிடும். தாமதம் யாரால் நேர்ந்தது என்பதை நீதிபதியிடம் சான்றோடு சொல்ல ஒருவர் இருந்தால், அந்த விலக்குகளுக்குப் பொருள் உண்டாகும்.

அந்நாட்டின் பழங்குடி மக்களின் வரலாறு, இத்துறையில் ஓர் எச்சரிக்கையாக நிற்கிறது. நெடுங்காலமாக அவர்களுடைய குழந்தைகள் பெருந்தொகையினராகப் பிரிக்கப்பட்டு, பிற இனத்தாரின் வீடுகளில் வளர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய கூட்டுக் குடும்ப முறையை அறியாத அதிகாரிகள், பாட்டியிடம் வளரும் பிள்ளையைக் கைவிடப்பட்ட பிள்ளை என்று எண்ணியதும் உண்டு. இதைத் தடுக்க 1978-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உறவினர்க்கும் தம் இனத்தார்க்கும் அச்சட்டம் முன்னுரிமை வழங்குகிறது. 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. குழந்தையின் நலம் என்ற சொல்லுக்குள் அதன் மொழியும் குலமரபும் உறவும் அடங்கும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

இத்தொண்டு முறைக்குக் குறைகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. தொண்டர்களில் பெரும்பாலோர் வெள்ளை இனத்துப் பெண்மணிகள். ஓரளவு வசதி படைத்தவர்கள். வழக்குகளில் அகப்படும் குடும்பங்களோ பெரும்பாலும் வறியவை. கறுப்பினத்தாரும் பழங்குடியினரும் அவற்றில் மிகுதி. தம் வீட்டுப் பழக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு பிறர் வீட்டை அளக்கும் தவறு நேரலாம் என்று அறிஞர் சிலர் கண்டித்திருக்கிறார்கள். பரிந்துரையாளர் அமைந்த குழந்தைகள், அமையாத குழந்தைகளைவிட விரைவில் நிலையான இல்லம் அடைகிறார்களா என்ற கேள்விக்கும் ஆய்வுகள் ஒரே விதமான விடை தரவில்லை. முப்பது மணி நேரப் பயிற்சி ஒரு வழக்கறிஞரின் கல்விக்கு ஈடாகாது என்பதும் உண்மை. வட கரோலினா மாநிலம் 1983-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில், தொண்டரோடு ஒரு வழக்கறிஞரையும் இணைத்து வைத்திருக்கிறார்கள். தொண்டர் குழந்தையை அறிகிறார். வழக்கறிஞர் சட்டத்தை அறிகிறார். ஒருவர் குறையை மற்றவர் நிரப்புகிறார்.

நிற்க. நம் நாட்டில் இதற்கு நிகரான ஏற்பாடு யாது? நம் முறை வேறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பாதுகாப்பு வேண்டிய குழந்தையின் நிலையை ஆராய்ந்து முடிவு செய்வது மாவட்டந்தோறும் அமைந்த குழந்தைகள் நலக் குழு. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட அக்குழுவில் பெண் ஒருவரேனும் இருக்க வேண்டும். மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும். 15 நாளில் குடும்ப நிலை பற்றிய விசாரணை அறிக்கை தயாராக வேண்டும். நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும். குழந்தையை விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று.

பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைகளுக்கு 2012-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட போக்சோ சட்டம் பொருந்தும். இதன் 2020-ஆம் ஆண்டு விதிகளில் ஆதரவு நபர் என்றொருவர் குறிப்பிடப்படுகிறார். குழந்தை, பெற்றோர் ஆகியோரின் இசைவோடு குழந்தைகள் நலக் குழு இவரை அமர்த்தலாம். புலன் விசாரணை தொடங்கி வழக்கு முடியும் வரையில் இவர் குழந்தைக்குத் துணை நிற்கிறார். வழக்கு எந்நிலையில் இருக்கிறது என்பதை அவ்வப்போது தெரிவிக்கிறார். நீதிமன்றத்துக்கு உடன் செல்கிறார். அமெரிக்கப் பரிந்துரையாளரைப் போல் நீதிபதிக்கு யோசனை கூறுவது இவர் வேலை அன்று. குழந்தை தனித்து நிற்காமல் பார்த்துக்கொள்வதே இவர் வேலை. இத்தகைய உதவியைப் பெறும் உரிமை உண்டு என்பதைக் குழந்தையின் குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

இங்கேதான் வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு உரிய இடம் வருகிறது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும், குடகின் காப்பித் தோட்டங்களிலும், மும்பையின் தாராவியிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால், விசாரிக்கும் காவலர் மலையாளத்திலோ கன்னடத்திலோ மராத்தியிலோ கேட்பார். வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தை என்ன சொல்லும்? கேள்வியே விளங்காமல் தலையாட்டினால், அந்தத் தலையாட்டலே வாக்குமூலம் ஆகிவிடாதா? கொடுமை செய்தவரே மொழிபெயர்க்க நேர்ந்தால் என்னாகும்?

இதைச் சட்டம் முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தையும் சாட்சியத்தையும் பதிவு செய்யும்போது, தேவையானால் மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறலாம் என்று போக்சோ சட்டம் கூறுகிறது. அத்தகைய மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் ஒன்றை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. இதற்குரிய தகுதியாகப் பட்டம் ஏதும் கட்டாயமாக்கப்படவில்லை. குழந்தையின் மொழியும் அம்மாநிலத்தின் ஆட்சிமொழியும் தெரிந்திருக்க வேண்டும். தாய்மொழியாகவோ, பள்ளியில் பயின்றதாகவோ, தொழிலாலும் வாழ்ந்து பழகியதாலும் வந்ததாகவோ அந்த அறிவு இருக்கலாம். பல்லாண்டு வெளி மாநிலத்தில் வாழ்ந்து, இரு மொழியும் சரளமாகப் பேசும் தமிழர் எத்தனை பேர்! நாள்தோறும் கடைத்தெருவிலும் தொழிற்கூடத்திலும் பயன்படும் அந்த அறிவு, ஒரு குழந்தையின் வாழ்வைக் காக்கும் கருவியாகவும் ஆகலாம்.

ஆனால், அமெரிக்க அனுபவம் நமக்குக் கற்பிக்கும் கட்டுப்பாட்டை இங்கும் மறத்தலாகாது. மொழிபெயர்ப்பவர் நடுநிலையோடு இருக்க வேண்டும். குழந்தை சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல வேண்டும். குடும்பத்தாரோடு தமக்கு உறவோ பகையோ தொழில் தொடர்போ இருந்தால், அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ‘நம்மவர் மானம் போய்விடுமே’ என்று எண்ணி ஒரு சொல்லை மென்மையாக்கினால், அது குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது தீங்கு. அதேபோல், ‘பாவம், குழந்தை’ என்று இரங்கி ஒரு சொல்லைக் கூட்டினாலும் வழக்குக் கெடும்; குற்றமற்ற ஒருவர் சிறை செல்லவும் கூடும். குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது சட்டப்படி குற்றம் ஆகும். சங்கக் கூட்டத்திலோ திருவிழாக் கூட்டத்திலோ பேசத்தக்க செய்தி அன்று அது.

எல்லோரும் இப்பணியில் இறங்க இயலாது. எனினும் எல்லோரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. 1098 என்னும் தொலைபேசி எண், துன்புறும் குழந்தைகளுக்காக இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. 1996-ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கிய இச்சேவை, 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில் நடைபெற்று வருகிறது. அண்டை வீட்டில் ஒரு குழந்தை தொடர்ந்து அழுவதைக் கேட்டால், பள்ளி செல்லும் வயதுப் பிள்ளை தொழிற்கூடத்தில் வேலை செய்வதைக் கண்டால், இந்த எண்ணுக்குச் செய்தி சொல்லலாம். வேறு மாவட்டத்தையோ மாநிலத்தையோ சேர்ந்த குழந்தை அகப்பட்டால், உரிய விசாரணைக்குப் பின் அதைச் சொந்த மாவட்டக் குழுவின் பொறுப்புக்கு மாற்றி அனுப்பவும் சட்டத்தில் வழியுண்டு. ஆகையால், ‘இது நம் ஊர் அன்று, நமக்கு இங்கே என்ன உரிமை’ என்று தயங்க வேண்டுவதில்லை.

தமிழ்ச் சங்கங்கள் பல வெளி மாநில நகரங்களில் நல்ல முறையில் இயங்கி வருகின்றன. நாடகமும் பட்டிமன்றமும் நடத்தும் அச்சங்கங்கள், தம் உறுப்பினர்களில் இரு மொழி வல்லவரும் பொறுமையும் நாவடக்கமும் உடையவருமான நாலைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகச் செய்யலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் பயிற்சியையும் அவர்கள் பெறலாம். ஓராண்டில் ஒரே ஒரு குழந்தைக்கு அது பயன்பட்டாலும் போதும். அந்த ஒரு குழந்தையைப் பொறுத்த மட்டில், தன் மொழி தெரிந்தவர் ஒருவர் அந்த அறையில் இருந்தார் என்பது சிறிய செய்தி அன்று.